தங்கக் கெண்டை நடந்த வழி

திருப்பூர் பல்லடம் ரோட்டில் இருந்த தங்கக் கெண்டை என்கிற சீனச் சாப்பாட்டுக் கடை முதல் தடவையாக எழுந்து நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். சூப்பு குடித்து முடித்து, நூடுல்ஸ் தட்டுகளும் பாதி காலியாகி, பபிள் டீ சொல்லலாமா, பொரித்த ஐஸ்கிரீம் சொல்லலாமா என்று மேஜைக்கு மேஜை ஆட்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்த நேரம். படுத்திருந்த எருமை எழுந்திருப்பதைப் போல முதலில் பின்பக்கம், சமையலறை இருக்கிற பக்கம், தூக்கியது; பிறகு கல்லா இருக்கிற முன்பக்கம் தூக்கியது; கிண்ணங்களில் மிச்சமிருந்த சூப்பு ஒரு ஓரமாகச் சாய்ந்து மறுபடி நேரானது; கூரையில் தொங்கிய சிவப்புக் காகித விளக்குகள் கொஞ்சம் ஆடி நின்றன. அப்புறம் கடை ரோட்டில் இறங்கி, இடது பக்கமாக ஒதுங்கி, எதிரே துணிப்பொதி ஏற்றி வந்த லாரிக்கு வழிவிட்டு நின்று, லாரி போனபிறகு வடக்கே பார்த்து நடக்க ஆரம்பித்தது.

கல்லாவில் உட்கார்ந்திருந்த கோகிலவாணி இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலில் மருந்துக்கடை போயிற்று, வளையல் கடை போயிற்று, பெட்ரோல் பங்க் போயிற்று. குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்த ஒரு அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, என்ற ஸ்கூட்டி அங்கயே நிக்குதுங்களே" என்றாள்.

"கடை நின்னதும் ஆட்டோல கூட்டிட்டுப் போயி உட்டுர்றமுங்க," என்றாள் கோகிலவாணி.

"சேரி. அப்ப தேன் நூடுல்ஸ் ஒண்ணு குடுங்க," என்றாள் அந்த அம்மாள்.

கோகிலவாணியின் வீட்டுக்காரர் நல்லசிவம் அந்த நேரத்தில் கடையில் இல்லை. வெங்காயத்தாள் தீர்ந்துவிட்டதென்று மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். இரண்டு கட்டு வெங்காயத்தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது கடை இருந்த இடத்தில் செவ்வகமாக ஈரமண் கிடந்தது, அறுந்த மின்சார வயர் ஒன்று கம்பத்திலிருந்து தொங்கியது, மண்புழுக்கள் வெளிச்சம் கண்டு நெளிந்துகொண்டிருந்தன. பக்கத்து மருந்துக்கடைக்காரர் வடக்கே கையைக் காட்டினார்.

தான் இல்லாத நேரத்தில் ஒன்று கிளம்பிப் போவது என்பது நல்லசிவத்துக்குப் பழக்கமில்லாத விஷயம். எப்போதும் கிளம்பிப் போனது அவர்தான். கல்யாணமான புதிதில் கோபியில் டிராவல்ஸ் வைத்தார், அது சலித்ததும் உடுமலைக்குப் போய்க் கோழிப்பண்ணை போட்டார், அங்கிருந்து கரூருக்குப் போய்ப் படுக்கை விரிப்பு, கரூரிலிருந்து திருப்பூர். பனியன் கம்பெனிகளுக்குப் பொத்தானும் ஜிப்பும் வாங்கிவரச் சீனாவுக்குப் போக வர இருந்தார். அங்கே ஆவியில் வெந்த கொழுக்கட்டையும் குண்டு குண்டாக உருண்டை மிதக்கிற டீயும் சாப்பிட்டுப் பழகி, பொத்தானும் சலித்தபிறகு இந்தக் கடையை ஆரம்பித்தார். ஒவ்வொரு ஊரிலும் கோகிலவாணி சாமான்களை எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தாளோ அதே பெட்டியில் திரும்பக் கட்டினாள். கடை திறந்த அன்று அவரிடம், "இதுதானுங்க கடைசி. இனி நான் எங்கயும் வரமாட்டேன்" என்று சொல்லியிருந்தாள். "கடைசிதான் அம்மிணி" என்றார் அவரும். ஆனால் கொஞ்ச நாளாகச் சாப்பிடும்போது ஓசூர், ஓசூர் என்று பேச்சை எடுத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குக் கடை அனுப்பர்பாளையத்தில், பித்தளைப் பாத்திரப் பட்டறைகளுக்கு நடுவே கிடந்த ஒரு காலி இடத்தில் போய் உட்கார்ந்தது. பட்டறைக்காரர்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார்கள். இடம் யாருடையது, அவர் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு வந்தவர்களில் மூத்தவர் படியேறி வந்து கல்லாவில் எட்டிப் பார்த்து, "இங்க என்னம்மா கெடைக்கும்?" என்றார்.

இரண்டு நாள் கழித்து அங்கிருந்து எழுந்து அவினாசி ரோட்டுப் பக்கம் போயிற்று. அதற்கப்புறம் காங்கேயம் ரோடு. அதற்கப்புறம் நொய்யல் கரை. எப்போதும் சாயங்காலத்தில், எப்போதும் இனிப்பு சொல்கிற நேரத்தில். ஏன் நடக்கிறது என்று முதல் வாரம் ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். இரண்டாவது வாரம் அந்தப் பேச்சு நின்று, இன்றைக்கு எங்கே இருக்கிறது என்கிற பேச்சு மட்டும் மிஞ்சியது. மின்வாரியத்திலிருந்து வந்த லைன்மேன் கம்பத்தில் தொங்குகிற வயரையும் பார்த்தார், மூன்று மைலுக்கு அப்பால் கடைக்குள் எரிகிற விளக்கையும் வந்து பார்த்தார், சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தார், அணைந்து எரிந்தது. "நல்லாத்தான இருக்குது" என்று சொல்லிவிட்டு ஒரு மாம்பழ ஜவ்வரிசி சாப்பிட்டுவிட்டுப் போனார். மாநகராட்சி சுகாதார அதிகாரி, கடை எந்த வார்டில் நிற்கிறதோ அந்த வார்டு ஆய்வாளர் அந்த வாரம் சோதிக்க வேண்டியது என்று முடிவு செய்துகொண்டார், அதனால் எல்லா வார்டு ஆய்வாளர்களும் தங்கள் பக்கம் கடை வருமா என்று ஆவலாக இருந்தார்கள். பழைய இடத்தின் சொந்தக்காரர் அங்கே ஸ்கூட்டர் ஸ்டாண்டு போட்டுவிட்டார். ஆட்டோக்காரர்கள் காலையிலேயே கடை இருக்கும் இடத்தை ஒருத்தருக்கொருத்தர் சொல்லிவைத்துக்கொண்டார்கள்.

கடை போகிற தெருவில் பிள்ளைகள் முன்னால் ஓடி, "கடை போகுது, கடை போகுது" என்று கத்தும். சத்தம் கேட்டவர்கள் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டு, வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, கையில் இருந்த வேலையோடு ஒதுங்கி நிற்பார்கள். போக்குவரத்துப் போலீஸ்காரர் கையைத் தூக்கி இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்துவார். கடை போனபிறகு அவரவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். தேர் வந்தாலும் ஆம்புலன்ஸ் வந்தாலும் ஒதுங்குகிற ஊர்தானே, இதற்கும் ஒதுங்கப் பழகிக்கொண்டது. எந்த ஊரிலிருந்தோ வந்து எந்த ஊரிலோ வேலை பார்த்து எந்த ஊருக்கோ திரும்பிப் போக நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் நிறைந்த ஊர் அது. ஒரு கடைக்கும் அப்படித் தோன்றியதில் அவர்களுக்கு அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. ஒடிசாவிலிருந்து தையலுக்கு வந்த பையன்கள் நாலு பேர் மட்டும் சாப்பிட்டு முடித்துவிட்டு, கடை தூரதேசமெல்லாம் போகுமா என்று விசாரித்தார்கள். சமையற்காரி ரெமி மிசோரமிலிருந்து வந்தவள், எட்டு வருஷமாகத் திருப்பூரில் இருப்பவள், கோகிலவாணியைவிட நன்றாகக் கோயமுத்தூர்ப் பேச்சு பேசுகிறவள். அவள் வாணலியைக் குலுக்கிக்கொண்டே, "போற மாதிரி இருந்தா நான் உங்களுக்கு முன்னாடி சீட்டு போட்டு வெச்சிருப்பனே" என்றாள்.

நல்லசிவத்தால்தான் தாங்க முடியவில்லை. காலையில் எழுந்ததும், கோகிலவாணி இடத்தைச் சொன்னாலும் நம்பாமல், வண்டியை எடுத்துக்கொண்டு டீக்கடை டீக்கடையாக நிறுத்தி, "இந்தப் பக்கம் என்ற கடை வந்துச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டு போனார். சிலர் வழி சொன்னார்கள், சிலர் சிரித்தார்கள். பதினைந்து வருஷத்தில் நாலு ஊர் மாறியவர், ஒரு ஊருக்குள்ளேயே தேடி அலைவதில் இளைத்துப்போனார். ஓசூரைப் பற்றிப் பேச்சே இல்லை.

"நாஞ் சொல்லாம அது எப்படிப் போவும் வாணி?" என்றார் ஒருநாள், மூடிய பிறகு, கடைசி மேஜையில் உட்கார்ந்துகொண்டு. "கடைன்னா ஒரு எடத்துல இருக்கோணும். ஆளுதான் போகோணும் வரோணும்."

"நானும் அதத்தானுங்க பதினஞ்சு வருசமாச் சொல்றேன்," என்றாள் கோகிலவாணி.

அவர் குனிந்து கையால் தரையை ஒருதரம் தட்டிப் பார்த்தார்.

அவளுக்கும் அது சுகமாக இல்லை. முதல் பத்து நாளும் கடை எழுந்தாலே தலை சுற்றியது; வாந்தி எடுக்கக் கல்லாவுக்குக் கீழே வாளி வைத்துக்கொண்டாள். இரவில் படுத்தாலும் படுக்கை நடப்பது போல இருந்தது. இது ஒரு இடத்தில் நின்றால் போதும், அது எந்த இடமாக இருந்தாலும் சரி என்று தினமும் வேண்டிக்கொண்டாள்.

நின்றது. அது நின்ற இடம், பெருமாநல்லூர் போகிற வழியில் இருந்த ஒரு நூல் மில்லின் உள்ளே.

மில்லைச் சுற்றி ஆள் உயரத்துக்கு இரண்டு பங்கு மதில் சுவர். உள்ளே ஒரு மூலையில் பெண்கள் விடுதி. தெற்கத்திக் கிராமங்களிலிருந்து மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வந்த பெண்பிள்ளைகள் அங்கே தங்கி, ஷிப்டு மாற்றி ஷிப்டு மெஷினில் நின்றார்கள். மாதத்துக்கு ஒருமுறை மில் பஸ்ஸில் வார்டனோடு போய்ச் சோப்பும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு அதே பஸ்ஸில் திரும்புவார்கள். மற்றபடி வாசல் பூட்டித்தான் கிடக்கும். நடக்கிற கடையைப் பற்றி அவர்களும் கேள்விப்பட்டிருந்தார்கள். மதிலுக்குள் எல்லாம் அது எங்கே வரப்போகிறது என்று விட்டுவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் தங்கக் கெண்டை மதிலோரமாக வந்து, ஒரு கணம் நின்று, ஒரு செங்கல்கூட உதிராமல் அந்தப் பக்கம் தாண்டி, விடுதிக்கு முன்னால் துணி காயப்போடுகிற கொடிகளுக்கு நடுவே மெல்ல உட்கார்ந்தது. உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த வாடிக்கையாளர்களைக் காவல்காரர் ஒவ்வொருவராக விசாரித்து வெளியே அனுப்பினார். கடையை அனுப்ப அவருக்கு வழி தெரியவில்லை.

பெண்பிள்ளைகள் வாசலில் வந்து நின்றார்கள். யாரும் உள்ளே வரவில்லை. படங்களோடு தொங்கிய பட்டியல் பலகையைத் தள்ளி நின்று படித்தார்கள். வார்டன் மரகதம், கரூர்ப் பக்கத்துக்காரர், கணவர் இறந்தபிறகு இருபது வருஷமாக இந்த விடுதியிலேயே இருப்பவர், "ஒருத்தியும் படியேறப்படாது. என்ன போட்டுச் செய்யறாங்களோ என்னமோ. நான் மொதல்ல பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். ரெமி மாம்பழ ஜவ்வரிசியை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். மரகதம் கரண்டியால் ஓரமாக எடுத்து வாயில் வைத்தார். பிறகு நடுவில் எடுத்தார். கிண்ணம் காலியாகும்வரை கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"பத்துப் பத்துப் பேரா வரச் சொல்லுங்க," என்றார் கடைசியில் வாயைத் துடைத்துக்கொண்டு. "கூட்டம் போடப்படாது."

அடுத்த நாள் கடை எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒரு வாரம் போயிற்று. வெளி ஆட்கள் உள்ளே வர முடியாததால் மேஜைகளில் எல்லாம் மில் பிள்ளைகளே உட்கார்ந்தார்கள். முதல் ஷிப்டு முடிந்ததும் தலையில் பஞ்சு ஒட்டியபடியே வந்து, கோபி மஞ்சூரியனை ஒரு தட்டில் வாங்கி நாலு பேர் பிட்டுக்கொண்டு, பபிள் டீயில் இருக்கிற கறுப்பு உருண்டை மரவள்ளிக்கிழங்கு மாவில் செய்வது என்று தெரிந்ததும், இதற்கா இவ்வளவு என்று சிரித்துக்கொண்டு, ஆனாலும் இன்னொன்று வேண்டும் என்றார்கள். நிர்வாகமும் சும்மா இருந்தது. பிள்ளைகள் மெஷினில் தூங்கி விழுவது குறைந்திருக்கிறது என்று மேலாளர் சொன்னதாகச் செய்தி வந்தது.

கோகிலவாணிக்கு வாசலில் உள்ளே வந்து போக ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள், ரெமிக்கு ஒன்று. நல்லசிவத்துக்குக் கொடுக்கவில்லை, ஆம்பிளைகள் விடுதிப் பக்கம் வரக்கூடாது. அவர் மதிலுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு, மேலே தெரிகிற தன் கடையின் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

வேண்டிக்கொண்டபடியே கடை ஒரு இடத்தில் நின்றுவிட்டது. தலைசுற்றல் இல்லை, வாளி தேவைப்படவில்லை. ஆனால் கோகிலவாணியால் கல்லாவில் உட்கார முடியவில்லை. எழுந்து போய் நேராக இருந்த நாற்காலிகளை மறுபடி நேராக்கினாள். ஜன்னலைத் திறந்தாள், எதிரே மதில் தெரிந்தது, மூடினாள். மறுபடி திறந்தாள். சமையலறைக்குள் போய், அங்கே எதற்கு வந்தோம் என்று நின்றாள்.

"ஏனக்கா, ஒடம்பு சேரியில்லயா?" என்றாள் ரெமி.

"ஒடம்புக்கென்ன. இது எப்ப எந்திரிக்கும்னு பாத்துட்டிருக்கறேன்."

"நின்னாப் போதும்னு சொன்னீங்க."

"சொன்னேன்," என்றாள் கோகிலவாணி.

அந்தப் பிள்ளைகளில் பேச்சித்தாய் என்று ஒருத்தி, கோவில்பட்டிப் பக்கம் ஊர், பத்தொன்பது வயது. எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்து எல்லோருக்கும் பின்னால் எழுந்து போகிறவள். ஒரே ஒரு டீயை இரண்டு மணி நேரம் வைத்துக் குடிப்பாள். ஒருநாள் கல்லாவுக்கு வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"யக்கா, இது எப்பக்கா கெளம்பும்?"

"தெரியலயே கண்ணு."

"கெளம்பயில சொல்லுவியளா?"

"அது சொல்லீட்டா கெளம்புது. இருந்தாப்புல எந்திரிச்சுப் போயிரும்."

பேச்சித்தாய், "அப்ப நான் உள்ளயே இருந்துக்கிடுதேன்" என்றாள்.

அப்போதுதான் கோகிலவாணிக்கு விளங்கியது. சுற்றிப் பார்த்தாள். ஒரு மேஜையிலும் தட்டில் ஒன்றும் இல்லை, கிளாஸில் ஒன்றும் இல்லை, ஆனால் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் ஒரு கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், பஸ்ஸில் பிடித்துக்கொள்வது போல.

அன்றிலிருந்து அவள் மேஜையைத் துடைக்க அவசரப்படவில்லை. இன்னொரு தட்டு வேண்டுமா என்றும் கேட்கவில்லை. சாயங்காலம் ஆகிறது, இனிப்பு சொல்கிற நேரம் வருகிறது, பிள்ளைகள் பேச்சை நிறுத்தி மேஜையைப் பிடிக்கிறார்கள், சிவப்பு விளக்குகளைப் பார்க்கிறார்கள், விளக்குகள் ஆடவில்லை, ஷிப்டு மணி அடிக்கிறது, எழுந்து போகிறார்கள். மறுநாளும் அப்படியே. மில்லுக்குள் ஒரு தவிப்பு பரவியது. நூல் அறுந்துகொண்டே இருந்தது. இரவில் விடுதியில் பிள்ளைகள் செருப்பைக் கழற்றாமல் தூங்குகிறார்கள் என்று மரகதம் வந்து சொன்னார். சொல்லிவிட்டுத் தானும் ஒரு டீ வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

விஷயம் மேலாளர் காதுக்குப் போயிற்று. கடை உள்ளே இருந்தால் வம்பு, பிள்ளைகளோடு எழுந்து போனால் பெரிய வம்பு. அவர் வெளியே நின்றிருந்த நல்லசிவத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். இரண்டு பேரும் அரைமணி நேரத்தில் ஒத்துப்போனார்கள். ஞாயிற்றுக்கிழமை பகலில் கிரேன் வரும். கடையைச் சங்கிலி போட்டுத் தூக்கி, நீளமான லாரியில் ஏற்றி, ஸ்கூட்டர் ஸ்டாண்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டு, பழைய பல்லடம் ரோட்டு இடத்துக்கே கொண்டுபோய் இறக்குவது. அங்கே நாலு மூலையிலும் இரும்புக் கம்பி நட்டுக் கான்கிரீட் ஊற்றி இறுக்கிவிடுவது.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குப் பாதி நாள் விடுப்பு. காலையிலேயே செய்தி பரவி, பத்துப் பத்துப் பேராக என்கிற கணக்கெல்லாம் போய், கடை கொள்ளாமல் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு நாற்காலியில் இரண்டு பேர். சமையலறை மேடையில்கூட ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ரெமி இருந்ததை எல்லாம் சமைத்தாள். டீக்கான உருண்டைகளை எல்லாம் வேகவைத்தாள். இன்றைக்குக் கட்டாயம் எழுந்திருக்கும், சங்கிலியைப் பார்த்தால் எழுந்திருக்காமல் இருக்குமா என்று பிள்ளைகள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள். கோகிலவாணியும் அப்படித்தான் நினைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு இடத்தை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. அந்த ஆசையை என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு கையையும் மடியில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தாள்.

கிரேன் உள்ளே வருவதற்காகப் பெரிய வாசலின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தார்கள். ஆட்கள் சங்கிலியைக் கடையின் அடியில் கொடுத்துச் சுற்றி மேலே கொக்கியில் மாட்டினார்கள். நல்லசிவம் படியேறி வந்தார். வெகுநாள் கழித்துத் தன் கடைக்குள் நுழைகிறவர், சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"வாணி, எல்லாத்தையும் எறக்கி உடு. தூக்கப்போறாங்க."

"சாப்பிட்டுட்டு இருக்கறாங்கள்ல. முடிக்கட்டுமுங்க."

"எத்தன நாழி?"

"இனிப்பு இன்னும் வரலீங்க," என்றாள் கோகிலவாணி.

ரெமி மாம்பழ ஜவ்வரிசியைக் கிண்ணம் கிண்ணமாக எடுத்து வைத்தாள். சத்தமில்லாமல் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்தார்கள். மேஜைகளைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். வெளியே கிரேன்காரர் சங்கிலியை இழுத்துப் பார்த்தார், விளக்குகள் ஆடின, பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். ஆனால் அது கிரேனின் ஆட்டம்தான். சங்கிலி தளர்ந்ததும் விளக்குகள் நின்றுவிட்டன. கோகிலவாணி பக்கத்துச் சுவரில், மாட்டின் கழுத்தில் வைப்பது போல, உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சுவர் சுவராக இருந்தது. சில்லென்று, சுண்ணாம்பு வாசனையோடு.

"நடக்க மாட்டேங்குதே யக்கா," என்றாள் பேச்சித்தாய்.

கோகிலவாணி கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கிரேனுக்குப் பின்னால் வாசல் இன்னும் திறந்தே இருந்தது, அதற்கு அப்பால் ரோடு, ரோட்டில் வெயில், ஒரு கரும்புச்சாறு வண்டி. அவள் எழுந்தாள். எழுந்ததும் முதலில் என்ன செய்வது என்று தெரியவில்லை. பிறகு கல்லாவுக்கு வெளியே வந்தாள்.

"அது நடக்காட்டிப் போகுது கண்ணு," என்றாள். "நமக்குக் காலு இருக்குதில்ல. வாங்க."

படியில் நின்றிருந்த நல்லசிவம் வழியை விட்டு ஒதுங்கினார். இறக்கிவிடத்தான் போகிறாள் என்று நினைத்தார். கோகிலவாணி முன்னால் இறங்கினாள், பேச்சித்தாய் அவள் பின்னால், அதற்குப் பின்னால் மற்றவர்கள், டீ முடிக்காதவர்கள் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டே. துணிக்கொடிகளைக் குனிந்து கடந்து, கிரேனைச் சுற்றிக்கொண்டு, வாசலை நோக்கிப் போனார்கள். காவல்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து குறுக்கே வந்தார்.

"எல்லாரும் எங்கம்மா?"

"கடை போகுதுங்க," என்றாள் கோகிலவாணி. "ஒதுங்கிக்கங்க."

இரண்டு மாதமாக அந்த வார்த்தையைக் கேட்டு அந்த ஊரில் ஒதுங்காதவர் யாரும் இல்லை. காவல்காரரும் அவரை அறியாமல் இரண்டு எட்டுப் பின்னால் வைத்து, நாற்காலியையும் ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். மரகதம் வாசல் தூணருகே நின்று பழக்கத்தில் ஒவ்வொருத்தியாக எண்ணிக்கொண்டு வந்தார். பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டு, போகிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேலாளர் மாடியிலிருந்து ஏதோ கத்தியது கிரேன் சத்தத்தில் கேட்கவில்லை. ரெமி கடைசியாக வந்தாள். வாணலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, உருண்டைப் பாத்திரத்தை இடுப்பில் வைத்திருந்தாள்.

ரோட்டில் வெயில் சுட்டது. அவர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். தெருப் பிள்ளைகள் முன்னால் ஓடினார்கள். பெண்கள் துணியை எடுத்தார்கள், பழக்கடைக்காரர் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டார், நாற்சந்தியில் போலீஸ்காரர் கையைத் தூக்கி இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தினார். கட்டடம் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. ஸ்கூட்டியில் காத்திருந்த ஒரு அம்மாள் பக்கத்து வண்டிக்காரரிடம், "இன்னைக்கு எந்தப் பக்கம் போகுதுங்க?" என்று விசாரித்தாள்.

பஸ் ஸ்டாண்டு வரை போனார்கள். அங்கே தேனிக்கும் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் பஸ்கள் உறுமிக்கொண்டு நின்றன. சிலர் ஓடிப்போய் ஏறினார்கள், ஏறியதும் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார்கள். சிலர் ஏறி உட்கார்ந்து, யோசித்து, இறங்கிவிட்டார்கள். வீட்டில் போய் என்ன செய்ய, அங்கே யார் இருக்கிறார்கள், இன்னும் நாலு மாதத்தில் ஒப்பந்தம் முடிகிறது என்று சொல்லிக்கொண்டார்கள். பாதிப் பேருக்கும் மேல், பஸ் ஸ்டாண்டு முழுக்க ஒருதரம் சுற்றிப் பார்த்து, வளையல் பார்த்து, பொரி வாங்கிச் சாப்பிட்டு, இருட்டுவதற்குள் ஆட்டோ பிடித்து அவர்களாகவே மில்லுக்குத் திரும்பினார்கள். கோகிலவாணி யாரையும் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. ஆட்டோவில் ஏறியவர்களில் ஒருத்தி கிளாஸை அவளிடம் திருப்பிக் கொடுத்தாள். கழுவாமல் கொடுக்கிறோமே என்று வருத்தப்பட்டாள்.

பேச்சித்தாய் எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. கோவில்பட்டி பஸ் ஒன்று வந்து நின்று, கண்டக்டர் இரண்டு முறை கூவி, புறப்பட்டுப் போனது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறலயா கண்ணு?"

"இல்லக்கா. ஊருக்குப் போகணும்னு இல்ல," என்றாள் பேச்சித்தாய். "போகணும்னுதான் இருக்கு."

கோகிலவாணி தலையை ஆட்டினாள். ரெமி இடுப்பு மாற்றிப் பாத்திரத்தை வைத்துக்கொண்டாள். மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்து, வந்த வழிக்கு எதிர்த் திசையில், கூட்டத்தோடு கூட்டமாக நடந்தார்கள். நொய்யல் பாலம் வந்தது. பாலத்தின் நடுவில் காற்று அடித்து மூன்று பேர் சேலையும் தாவணியும் ஒரே பக்கமாகப் பறந்தன.

போன் அடித்தது. நல்லசிவம்.

"வாணி, கடையைத் தூக்கிக் கொண்டாந்து வெச்சாச்சு. கம்பி நட்டாச்சு. இனி ஒரு அடி நகராது," என்றார். மூச்சு வாங்கியது அவருக்கு. சந்தோஷமாகத்தான் சொன்னார். பிறகு, பின்னால் ஓடுகிற வண்டிச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். "நீ எங்க இருக்கற?"

கோகிலவாணி பாலத்தின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"தெரியலீங்க," என்றாள். "நடந்துட்டு இருக்கறேன்."